றஹீமாவின் பேரில் பதிந்த நாய்கள்

ஒலிபெருக்கி கட்டிய கார் கடற்கரை ஒழுங்கைக்குள் நுழைந்தபோது றஹீமா தறியில் குந்தி ஒரு பச்சைச் சாரத்தின் கரையை நெய்துகொண்டிருந்தாள். தறிச் சத்தத்துக்கு மேலால் அந்தக் குரல் கேட்டது.

“சபையின் அறிவித்தல்! ஞாயிற்றுக்கிழமை காலை தொடக்கம் கட்டாக்காலி நாய்களுக்கு மருந்து வைக்கப்படும். ஆடு, கோழி வளர்ப்பவர்கள் கட்டி வைத்துக்கொள்ளவும். ஏதும் நடந்தால் சபை பொறுப்பேற்காது!”

மருந்து என்றால் நஞ்சு. கடைசி வாக்கியம் காதில் விழுந்ததும் றஹீமாவின் கை நின்றது. போன தடவையும் இதையேதான் சொன்னார்கள். சோற்றையும் இறைச்சியையும் நஞ்சோடு பிசைந்து, வாழை இலையில் வைத்து ஒழுங்கை ஒழுங்கையாகப் போட்டுவிட்டுப் போனார்கள். அவளுடைய கறவை ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அந்த இலையைத் தின்றது. கால்கள் விறைத்து வாசலில் விழுந்த ஆட்டை அவள் இன்னும் மறக்கவில்லை. கேட்கப் போனபோது, “பொறுப்பேற்க மாட்டம் எண்டு முன்னமே சொன்னம்தானே?” என்று சபைக் கந்தோரில் அனுப்பிவிட்டார்கள்.

இந்த முறை விடுவதில்லை என்று எழும்பினாள். சாரத்தை அப்படியே விட்டுவிட்டு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். றஹீமாவுக்கு நாய்கள் மீது பாசம் கிடையாது. உண்மையில் அந்தப் புன்னையடித்துறை முழுக்கத் தேடினாலும் அவளைப்போல நாய்க்குப் பயந்த ஒருத்தியைக் கண்டுபிடிக்க முடியாது. சிறு வயதில் ஓதப் போகிற வழியில் ஒரு நாய் விரட்டி வேலிக்கம்பியில் விழுந்த தழும்பு இன்னும் முழங்காலில் இருந்தது. அவளுடைய புருசன் மீராசா கரைவலைத் தண்டயல். வலை இழுக்கும் ஆட்களுக்குத் தலைவன். அவனுக்குச் சோறு கொண்டுபோகும்போதுகூட அவள் கடற்கரைக் குடிசையான மீன்வாடிக்கு எட்டத்தில் நின்று கூப்பிடுவாளே தவிர, அங்கே படுத்துக்கிடக்கும் நாய்களைத் தாண்டிப் போனதில்லை. இதெல்லாம் நடந்ததற்கு முந்திய வருஷம், எழுபத்தெட்டில், சூறாவளி அடித்து வீடு வாசலெல்லாம் பறந்த பிறகு அந்த நாய்கள் இரண்டு மடங்காகிவிட்டன. வளர்த்தவர்கள் இடம் மாறிப் போனார்கள். நாய்கள் மீன் கிடைக்கும் கடற்கரைக்கு வந்து சேர்ந்தன.

சபைத் தலைவர் பக்கீர் முகைதீன் கெட்ட மனிதர் இல்லை. அரிசி ஆலை வைத்திருந்தவர், யார் வந்தாலும் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் கதைப்பார். அன்றைக்கும் கதிரையைக் காட்டினார். றஹீமா இருக்கவில்லை.

“சேர்மன், நஞ்சு வைக்க ஒண்ணா. போன வருஷம் என்ட ஆடு செத்துப்போன. இந்த முற ஒழுங்கைக்குள்ள விளையாடுற புள்ளையொண்டு அந்த இலையத் தொட்டா யாரு பொறுப்பு?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “தங்கச்சி, பக்கத்து ஊரில விசர் நாய் கடிச்சி ஒரு புள்ள மௌத்தாப் போனது உங்களுக்குத் தெரியும். தண்ணிய கண்டு பயந்து பயந்து அந்தப் புள்ள பட்ட பாட்ட நான் கண்ணால கண்டன். நம்மட ஊரில அப்படி ஒண்டு நடந்தா யாரக் கேப்பாங்க? என்னத்தான்.”

றஹீமாவுக்கும் அது தெரியும். அந்தப் பிள்ளையின் உம்மாவும் நெசவுக்காரிதான்.

“அதுக்கு ஊசி இரிக்கிதானே? நாய்க்குப் போடுற ஊசி.”

“இரிக்கி. ஆனா சட்டம் எப்பிடித் தெரியுமா? கழுத்தில பட்டியும் லைசன்ஸ் தகடும் இரிக்கிற நாயத் தொட ஏலா. இல்லாதது கட்டாக்காலி, அத அழிக்கலாம். லைசன்ஸ் எழுதுறதெண்டா சொந்தக்காரன் வேணும். கடற்கர நாய்க்கு ஆரு சொந்தக்காரன்? சொல்லுங்க பாப்பம்!”

 பக்கத்து மேசையில் இருந்த எழுதுவினைஞர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். றஹீமாவுக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது.

“நான்தான்!” என்றாள். “என்ட பேரில எழுதுங்க.”

“எந்த நாய?”

“எல்லா நாயையும்.”

எழுதுவினைஞர் சிரித்துவிட்டார். பக்கீர் முகைதீன் சிரிக்கவில்லை. அவளை உற்றுப் பார்த்தார்.

“வெளையாட்டுக் கத இல்ல தங்கச்சி. சனிக்கிழம பொழுதுபட, மஃரிபுக்கு முன்ன ஊசி போட்டு, பட்டி கட்டி இரிக்கோணும். அதுக்குப் பொறகு பட்டி இல்லாம எது நிண்டாலும் ஞாயிறு காலையில மருந்துதான். சம்மதமா?”

“ஓம். சம்மதம்.”

வெளியே வந்து சந்தை மூலை திரும்பிய பிறகுதான் அவள் நாட்களை எண்ணிப் பார்த்தாள். இன்றைக்கு வியாழன்.

மீராசா வாடியில் இருந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். எட்டத்தில் நின்றே அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் கையிலிருந்த ஊசி மணலில் விழுந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“நாயக் கண்டா மதிலேறிப் பாயிற பொம்புள நீ! உனக்கா இத்தின நாயும்? அல்லாஹ்வே!”

“சிரிச்சது காணும். என்ன செய்யிற எண்டு சொல்லுங்க.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது. வாடிக்குள் படுத்துக்கிடந்த வெள்ளைப் பெட்டையைப் பார்த்தான். இரவில் வலைக்குக் காவல் கிடப்பது அதுதான்.

“பாண்டிருப்பில செல்லத்தங்கம் எண்டொரு மனிசி இரிக்கா. மீன் விக்கிற பொம்புளயள் சொல்லுவாங்க. நாய் புடிக்கிற வித்த அவவுக்குத்தான் தெரியும். போய்க் கேளு. ஆளும் வலையும் நான் தாறன்.”

பாண்டிருப்பில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. குரைப்புச் சத்தத்தை வைத்தே போய்ச் சேரலாம். செல்லத்தங்கம் கல்முனையில் ஆஸ்பத்திரி உதவியாளாக வேலை செய்து ஓய்ந்தவள். நாய் கடித்து வந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் வயிற்றைச் சுற்றி ஊசி போடுவார்கள்; அவர்களை அசையாமல் பிடித்துக்கொள்வது அவள் வேலை. சூறாவளிக்குப் பிறகு தெருவில் கால் முறிந்து கிடந்த நாய்களைத் தூக்கிவந்து வளவில் வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். சங்கமும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. சனங்கள் வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டி அவளுடைய படலையடியில் போட்டுவிட்டுப் போனார்கள். அவள் அவற்றையும் எடுத்துக்கொண்டாள்.

றஹீமா படலைக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். செல்லத்தங்கம் கேட்டுக்கொண்டே ஒரு கறுப்பு நாயின் காதிலிருந்து உண்ணி பொறுக்கினாள்.

“நாயெண்டா பயமா புள்ள?”

“உயிர் போகும் அக்கா.”

“நல்லம். பயப்பட்டவ சும்மா கிட்டப் போகமாட்டா. கடி வாங்குறது பயமில்லாத ஆக்கள்தான்.” எழும்பிக் கையைக் கழுவினாள். “ஆனா ஒண்டு சொல்றன். துரத்திப் புடிக்க ஏலாது. ஒண்டத் துரத்தினா மத்ததெல்லாம் ஊர விட்டு ஓடிரும். அதுகளா வந்து கூடுற இடம் எது?”

“வலை கரைக்கு வாற நேரம் எல்லாம் ஒண்டாக் கூடும். பொடி மீன வீசுவாங்க.”

“அப்ப அதுதான் இடம். வா, டொக்டரப் பாத்திட்டு வருவம்.”

கல்முனையில் கால்நடை வைத்தியராக இருந்த ஷரிபுதீன் இளம் ஆள். அவர்கள் சொன்னதைக் கேட்டு முதலில் நம்பவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து மருந்துக் குப்பிகளைக் காட்டினார்.

“மருந்து இரிக்கி. புடிச்சித் தர ஆள் இல்லாமத்தான் கிடக்கு. உண்மையா நாயக் கொண்டு வருவீங்களா?”

“நாய நாங்க கொண்டு வரல்ல டொக்டர்,” என்றாள் செல்லத்தங்கம். “நீங்கதான் கடற்கரைக்கு வரோணும். சனிக்கிழம காலையில, வல கரையேறுற நேரம்.”

ஷரிபுதீன் குளிர்பெட்டியை மூடினார். “வாறன்!” என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு றஹீமாவின் வீடு கலியாண வீடுபோல ஆகிவிட்டது. ஒழுங்கையின் நெசவுக்காரிகள் எல்லாரும் தறியில் மிஞ்சிய நூல் நுனிகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள், கத்தரிப்பூ நிறம். ஒருத்தி பிடிக்க ஒருத்தி பின்னினாள். தோற்பட்டி வாங்க வழியில்லை. நூற்பட்டி போதும், தகடு பிறகு போடலாம் என்று சேர்மனிடம் கேட்டு வந்தாயிற்று. “கொமர்ப் புள்ளைக்குச் சடை பின்னுறதப் போல பின்னுறாளுகள்!” என்று ஆசியா உம்மா என்பவள் கேலி செய்துகொண்டே எல்லாரையும்விட வேகமாகப் பின்னினாள். குவியலாகக் கிடந்த பட்டிகளைப் பார்த்தபோது றஹீமாவுக்கு முதல் தடவையாக, இது நடக்கும் என்று பட்டது.

வலைக்காரரிடம் ஒரு தயக்கம் இருந்தது. நாயின் எச்சில் பட்டால் உடம்பும் உடுப்பும் தொழுகைக்கு ஆகாத நஜீஸ் ஆகிவிடுமே என்றார்கள். மீராசா பள்ளிவாசலில் தொழுவிக்கும் லெப்பையிடம் போய்க் கேட்டான். “கழுவுங்க,” என்றார் அவர். “ஏழு தரம், ஒரு தரம் மண்ணோட. கடலும் முன்னுக்குக் கிடக்கு, மண்ணும் காலடியில கிடக்கு. இத விட என்ன வசதி வேணும்?” அதோடு அந்தத் தயக்கம் தீர்ந்தது.

சனிக்கிழமை விடிந்தபோது கடல் அமைதியாக இருந்தது. தோணி போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்தது. ஆட்கள் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து வலை இழுக்கும் பாட்டான அம்பாவைப் பாடிக்கொண்டு இழுக்கத் தொடங்கினார்கள். பாட்டுக் கேட்டதும் நாய்கள் வந்தன. தோணிகளுக்கு அடியிலிருந்து, இடிந்த வாடிகளுக்குள்ளிருந்து, தாழம்புதர்களுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தன. றஹீமா தோணியொன்றின் மேலேறி நின்று பார்த்தாள். இவ்வளவும் எனதா என்று நெஞ்சு அடித்தது.

வலையின் மடி கரையேறியதும் மீராசா பொடி மீனை அள்ளி மணலில் கொட்டினான். நாய்கள் பாய்ந்து விழுந்தன. அவற்றுக்குப் பின்னால் மணலுக்குள் ஒரு பழைய வலை வளைவாகப் புதைந்து கிடந்தது. விடியும் முன்பே செல்லத்தங்கம் அதைப் போடுவித்திருந்தாள். ஒவ்வொரு முனையிலும் ஆட்கள் ஒன்றும் தெரியாதவர்கள்போலக் குந்தியிருந்தார்கள்.

செல்லத்தங்கம் கையைத் தூக்கினாள். மீராசாவின் குரல் கடலுக்கு அப்பால் கேட்டிருக்கும்.

“இழுங்கடோ!”

வலை மணலைக் கிழித்துக்கொண்டு ஆள் மட்டத்துக்கு எழும்பியது. மீனை விட்டுத் தலைநிமிர்ந்த நாய்கள் திரும்பினால் வலை, முன்னால் கடல். ஒரே ஊளை, ஒரே குரைப்பு, அதற்கு மேலால் ஆட்களின் கூச்சல். இரண்டு முனைகளும் தண்ணீர் விளிம்பை நோக்கி ஓடிவந்தன. ஒரு நாய் கடலுக்குள் பாய்ந்து நீந்தியது; ஒரு வலைக்காரன் பின்னாலேயே பாய்ந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். கரையில் கூடிநின்ற ஊர் கைதட்டியது.

பிறகு வேலை தொடங்கியது. செல்லத்தங்கம் ஒவ்வொரு நாயாகச் சாக்கைத் தலைக்கு மேல் போட்டு, பிடரியைப் பிடித்து அமத்துவாள். ஷரிபுதீன் ஊசி போடுவார். வலைக்காரனொருவன் பட்டி கட்டுவான், மற்றவன் வலையைத் தூக்கி வெளியே விடுவான். நிறப் பட்டியோடு வெளியே வந்த நாய் உடம்பை உதறிவிட்டு ஓடும்போதெல்லாம் பெண்கள், “அது நான் பின்னின! அது என்ட!” என்று கத்தினார்கள்.

“புள்ள, கை காணாது!” என்று செல்லத்தங்கம் தோணியைப் பார்த்துக் கத்தினாள். “இறங்கி வா!”

றஹீமா இறங்கினாள். எப்படி இறங்கினாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே தெரியாது. முன்னால் மீராசாவின் வெள்ளைப் பெட்டை சாக்குக்குள் தலையோடு நடுங்கிக்கொண்டிருந்தது. பட்டியைக் கழுத்தைச் சுற்றிப் போட்டபோது விரலுக்குக் கீழே அதன் இதயம் படபடவென்று அடிப்பது தெரிந்தது. அவளுடையதைப் போலவே. இதுவும் என்னைப் போலத்தான் பயந்து கிடக்கிறது என்று நினைத்தாள். முடிச்சை இறுக்கினாள். “ஓடு,” என்றாள் மெல்ல. அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை.

வெயில் ஏறியபோது சேர்மன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதுதான் வடக்குப் பக்கத்திலிருந்து ஆசியா உம்மாவின் அலறல் கேட்டது.

“விசர் நாய்! விசர் நாய்!”

தாழம்புதருக்குள்ளிருந்து ஒரு செம்பட்டை நாய் வந்துகொண்டிருந்தது. பின்னங்கால் இழுபட்டது. தாடை தொங்கி, வாயிலிருந்து நூலாக எச்சில் வடிந்தது. அது எதையும் பார்க்கவில்லை, நேரே நடந்தது. கொட்டிக்கிடந்த மீனுக்கு மேலாலேயே கால் வைத்து நடந்து போனது, மணந்துகூடப் பார்க்கவில்லை. சனம் சிதறி ஓடியது. சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தோணிகளுக்குள் பாய்ந்தார்கள். சேர்மன் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் போனார்.

“ஓட வேணாம்! ஆரும் கையால தொட வேணாம்!” என்று செல்லத்தங்கம் கத்தினாள். “வலைய எடுங்க!”

மீன் இழுத்த பெரிய வலையின் ஒரு முனைக் கயிறு றஹீமாவின் காலடியில் கிடந்தது. அதைப் பிடித்திருந்தவன் ஓடிவிட்டான். மறு முனையில் மீராசா நின்றான். இரண்டு பேருக்கும் நடுவால்தான் அந்த நாய் வந்துகொண்டிருந்தது.

மீராசா அவளைப் பார்த்தான். “றஹீமா! ஏலுமா?”

அவள் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். “ஏலும்! சொல்லுங்க!”

“இப்ப!”

இழுத்தாள். வலை எழும்பியது. நாய் வந்த வேகத்தில் அதற்குள் மோதிப் புரண்டது. பாரம் அவளை முழங்காலில் விழுத்தியது, உள்ளங்கை எரிந்தது, விடவில்லை. “புடிங்கடா! புடிங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் ஓடிய வலைக்காரர் திரும்பி வந்து கயிற்றில் விழுந்தார்கள். வலையை மடித்து மடித்துப் போட்டார்கள். நாயின் பல் நூலைக் கடித்துக்கொண்டிருந்தது. ஷரிபுதீன் தடித்த கையுறையோடு வந்து நீளக் கம்பில் பொருத்திய ஊசியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அதன் மூச்சு அடங்கியது. 

சேர்மன் மெல்லக் கிட்ட வந்தார். முகம் வியர்த்திருந்தது.

“இந்த மாதிரி நாய்க்குத்தான் டொக்டர் நான் மருந்து வைக்கப் பாத்த.”

ஷரிபுதீன் மணலில் சிதறிக் கிடந்த மீனைக் காட்டினார். “இதெல்லாத்தையும் மிதிச்சிட்டுப் போனது, பாத்தீங்களா? விசர் புடிச்ச நாய்க்கு விழுங்க ஏலா. நீங்க வைக்கிற சோத்த அது தின்னாது. தின்னுறது நல்ல நாய்தான். அது செத்தா அந்த இடத்துக்கு வெளியூர் நாய் வரும், ஊசி போடாத நாய். இந்தக் கரையில நிக்கிற நாய்ட கழுத்து நூலப் பாருங்க, இப்பிடிப் பட்டி கட்டின நாய விசர் நாய் கடிச்சாலும் அதுக்கு நோய் புடிக்காது. அதுகள்தான் ஊருக்கு வேலி.”

சேர்மன், நிறப் பட்டிகளோடு தோணி நிழல்களில் படுத்துக்கிடந்த நாய்களைப் பார்த்தார். பிறகு கரைக்கு வந்திருந்த எழுதுவினைஞரைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கிக் காரைத் திரும்ப எடுக்கச் சொன்னார். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் அது ஒழுங்கைகளுக்குள் வந்தது. “நாளை மருந்து வைக்கப்படமாட்டாது” என்று அது சொன்னபோது வலைக்காரர் எல்லாரும் இடுப்பளவு கடலில் நின்று மணலை அள்ளி அள்ளித் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஆறாவதா ஏழாவதா என்று மறந்துபோய் முதலிலிருந்து தொடங்க, மற்றவர்கள் சிரித்த சிரிப்புக் கரை முழுக்கக் கேட்டது.

செம்பட்டை நாயின் தலை கொழும்புக்கு ஆய்வுக்குப் போனது. விசர் நோய்தான் என்று பதில் வந்தது. அந்தப் பதிலோடு சேர்மன் தானே பாண்டிருப்புக்குப் போனார். றஹீமாவும் கூடப் போனாள்.

“செல்லத்தங்கம், உங்களுக்குச் சபையில ஒரு வேல போட்டுத் தாறன். நாய்க்குப் பொறுப்பா இரிங்க.”

செல்லத்தங்கம் தலையை ஆட்டினாள். “வேணாம் ஐயா. சம்பளம் வாங்கினா நாளைக்கு உங்களுக்குப் பொறகு வாற சேர்மன் நஞ்சு வை எண்டா நான் வைக்கோணும். நான் வெளியிலயே இருக்கிறன். ஊசி மருந்துக்கும் அதப் போட ஒரு கொட்டிலுக்கும் சபை வழி செய்யட்டும். புடிக்கிறது நாங்க. நீங்க பிழை செஞ்சா வந்து கத்துறதும் நாங்கதான்.”

பக்கீர் முகைதீன் றஹீமாவைப் பார்த்தார். “கத்துறதுக்கு ஆள் ஏற்கெனவே இரிக்கி,” என்றார். சந்தைக்குப் பின்னாலிருந்த ஒரு கொட்டில் அந்த மாதமே அவர்களுக்குக் கிடைத்தது.

லைசன்ஸ் எல்லாம் றஹீமாவின் பேரில்தான் எழுதப்பட்டன. அதனால் வந்த வில்லங்கமும் கொஞ்சமில்லை. யாருடைய கருவாட்டை எந்த நாய் தூக்கினாலும் சனம் அவள் வாசலுக்கு வந்தது. அவளும் விடமாட்டாள். எந்த நிறப் பட்டி என்று கேட்பாள், சொல்லத் தெரியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவாள்.

அடுத்த மாதம் சாய்ந்தமருதிலிருந்து ஆள் வந்தது. அங்கேயும் நாய்கள் பெருகிவிட்டன, அந்த வலையையும் அந்த மனிசிகளையும் அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். மீராசா ஒரு டிரக்டர் பேசிக்கொண்டு வந்தான். பெட்டியில் பழைய வலையைச் சுருட்டிப் போட்டார்கள். அதற்கு மேல் நெசவுக்காரிகள் பின்னிய பட்டிகளை மூட்டையாகக் கட்டி வைத்தார்கள். பாண்டிருப்பிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த செல்லத்தங்கம் சாக்குகளோடு ஏறி உட்கார்ந்தாள்.

“நீ எங்க?” என்றான் மீராசா, தறிக்குப் போகாமல் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்ற றஹீமாவைப் பார்த்து.

“கையப் புடிங்க,” என்றாள் அவள். “ஏறப் போறன்.”

டிரக்டர் புகையைக் கக்கிக்கொண்டு தெற்குப் பக்கம் திரும்பியது. வெள்ளைப் பெட்டை சந்தி மட்டும் பின்னால் ஓடிவந்தது. றஹீமா வலைக்கு மேல் உட்கார்ந்து பட்டி மூட்டையை மடியில் அணைத்துக்கொண்டாள். கடற்காற்றில் முக்காடு பறந்தது. கெதியாப் போகச் சொல்லி அவள் சாரதிக்குக் கத்தினாள், அங்கே வலை கரைக்கு வருமுன் போய்ச் சேர வேண்டும்.